மணிக்கு ஒரு வண்டி

"நாய்க்கு வண்டியாம், வண்டி! கலி முற்றித்தான் போய்விட்டது!"

இந்தக் கட்டுரையின் தலைப்பையும் பக்கத்துப் படத்தையும் பார்த்தவுடன் உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். தவறில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மந்தைவெளியில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் டீச்சரம்மா ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "மணிக்கு ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டபோது, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

மணி பேரப்பிள்ளை அல்ல. 13 வயது நாய். உயர்ந்த ஜாதியும் அல்ல. நம் தெருக்களில் எங்கே பார்த்தாலும் தென்படுமே, செம்பட்டை நிறம், கூரான காது, சுருண்ட வால், அந்த வம்சம்தான். ஓர் ஐப்பசி மாத மழை ராத்திரியில் டீச்சரம்மாவின் கணவர் அதை வேட்டி மடிப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அன்று முதல் டீச்சரம்மாவும் மணியும்தான் அந்த வீட்டில். மகன் வெளிநாட்டில். தினம் காலை ஐந்தரை மணிக்கு இருவரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் புறப்பட்டுப் போவதைப் பார்த்து நாங்கள் கடிகாரத்தைச் சரி செய்து கொள்வோம்.

சென்ற ஆண்டு மணியின் பின்னங்கால்கள் மக்கர் செய்ய ஆரம்பித்தன. தெருமுனை வரை போகும். அங்கே உட்கார்ந்து விடும். 16 கிலோ எடையுள்ள பிராணியைத் தூக்கிக் கொண்டு வர டீச்சரம்மாவால் முடியுமா? சரி, அதை வீட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் போகலாம் என்று பார்த்தால், கதவுக்குப் பின்னால் அது அழுகிற அழுகை மூன்று வீட்டுக்குக் கேட்கும். முடிவாக இருவருமே வீட்டோடு நின்று விட்டார்கள். நாய்க்குக் கால் போனதனால் எஜமானிக்கும் காலை நேரத்துக் காற்றுப் போயிற்று. இதைக் கவனித்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

"ஜனங்க சிரிப்பாங்களே, டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"நான் பார்க்காத சிரிப்பா? முப்பத்தஞ்சு வருஷம் எட்டாங் கிளாஸ் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவம்மா நான்!" என்றார்.

வண்டி என்றதும் காய்கறி விற்கிற தள்ளுவண்டிதான் நமக்கு ஞாபகம் வருகிறது. அதனால் கடைக்காரர்களும் மற்றவர்களும் சொல்லுகிறபடி 'ஸ்ட்ரோலர்' என்றே நானும் சொல்லி விடுகிறேன். குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளிக் கொண்டு போவதன் உறவுமுறைதான் இது. ஆனால் உள்ளே ஆசனம் கிடையாது. தட்டையான தளம், சுற்றிலும் துணிச் சுவர், மேலே வலை போட்ட கூண்டு. நம் ஊரில் விலை சுமார் 5,000 ரூபாயில் ஆரம்பித்து, 20,000-ஐத் தாண்டியும் போகிறது.

இந்தக் குழந்தை வண்டியின் பூர்வீகம் தெரிந்தால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1733-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வண்டி செய்து கொடுத்தார். சிப்பி போன்ற வடிவம். அதை மனிதர்கள் தள்ளுவதாக ஏற்பாடில்லை. ஆட்டையோ சின்னக் குதிரையையோ பூட்டி இழுக்கச் செய்வதாக ஏற்பாடு. அன்று பிராணி இழுத்தது, குழந்தை உட்கார்ந்தது. இன்று பிராணி உட்காருகிறது, நாம் தள்ளுகிறோம். கணக்கு ஒருவாறு நேராகி விட்டது என்று வைத்துக் கொள்ளலாம்.

தென் கொரியாவிலே கணக்கு நேரானதோடு நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில், ஜிமார்க்கெட் என்னும் அந்நாட்டு இணையக் கடையில் விற்ற ஸ்ட்ரோலர்களில் நூற்றுக்கு 57 நாய்களுக்காக வாங்கியவை. குழந்தைகளுக்காக வாங்கியவை 43-தான். அங்கே குழந்தைப் பிறப்பு மிகவும் குறைந்து போனதுதான் இதற்குக் காரணம் என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்த விவகாரத்தில் நான் தலையிடப் போவதில்லை. மணியிடம் வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கொண்டு நேரே வண்டி வாங்கப் போய்விடாதீர்கள். பின்னங்கால் தளர்வதற்கு மூட்டுத் தேய்மானம் காரணமாக இருக்கலாம். முதுகெலும்பில் கோளாறு இருக்கலாம். உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் இருக்கலாம். வெறுமனே நகம் வளர்ந்து வளைந்து போயும் இருக்கலாம். இவற்றில் சிலவற்றுக்கு வண்டி வேண்டாம், மருந்தே போதும். வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டிலே தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயுள்ள ஆஸ்பத்திரிக்கு டீச்சரம்மா மணியை ஆட்டோவில் கொண்டு போனார். மூட்டுத் தேய்மானம்தான் என்று தெரிந்தது. "எடை கூட விடாதீர்கள். வழுக்குகிற தரையில் விரிப்புப் போடுங்கள். சமதரையில் தினமும் கொஞ்சம் நடக்கட்டும், அடியோடு நிறுத்தி விடாதீர்கள்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இந்தக் கடைசி வார்த்தையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லி விடுகிறேன். கால் வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்து விடாதீர்கள். நாம் தலைவலிக்கு விழுங்குகிற பாரஸிட்டமால், பூனைக்கு ஒரே மாத்திரையில் எமனாகி விடும். ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி வண்டி. டீச்சரம்மாவுக்கு முதலில் வந்த வண்டி அவர் பார்த்து வாங்கியதல்ல. மகனிடம் டெலிபோனில் பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். தாய்ப் பாசம் மிகுந்த பிள்ளை. அன்றே அங்கிருந்தபடி இணையக் கடை ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டான். நாலாம் நாள் பெட்டி வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற ரோஜா நிறம், ஓரத்திலே குஞ்சலம், கோப்பை வைக்க ஒரு தட்டு! பார்க்கப் பரம சௌந்தரியமாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று "ஆஹா" என்றோம். யாரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஐம்பது கஜ தூரம் போயிருக்க மாட்டார்கள். பாதாளச் சாக்கடை மூடியின் விளிம்பிலே முன் சக்கரம் மாட்டிக் கொண்டது. ரயிலில் இழுத்துப் போகிற பெட்டியின் சக்கரம் இருக்குமே, அந்த அளவுச் சக்கரம்! வண்டி குப்புறச் சாய்ந்தது. மணி உருண்டு தெருவில் விழுந்தது. நல்ல வேளை, அடி இல்லை. ஆனால் அதன் பிறகு அந்த ரோஜா நிறத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்து கொண்டது. அப்புறம்தான் வண்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். அது தாங்கக் கூடிய எடை 15 கிலோ என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, உபயோகித்த சாமானைத் திரும்ப வாங்குவதில்லை என்று பதில் வந்தது. வண்டி இப்போது டீச்சரம்மா வீட்டுப் பரணில் ஒய்யாரமாக வீற்றிருக்கிறது.

ஆகவே இரண்டாவது வண்டிக்கு நானும் கூடப் போனேன். போவதற்கு முன்னால் நாங்கள் செய்த காரியம், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு தெருவைச் சுற்றி வந்ததுதான்! கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் நம் தெருவைத்தான் பார்க்க வேண்டும் என்று அனுபவத்தில் கண்டோம். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் சாய்வு மேடை. நடைபாதை என்று ஒன்று உண்டு; அதன் மேல் மின்சாரப் பெட்டி, இஸ்திரி வண்டி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள். ஆகவே தெருவில் இறங்கித்தான் போக வேண்டும். தெருவிலே தோண்டி மூடிய பள்ளங்கள். இவ்வளவையும் பார்த்த பிறகு சின்னச் சக்கரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு கட்டினோம்.

சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாகப் பள்ளத்தைத் தாண்டும். மாட்டு வண்டியைப் பார்த்த நமக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு சின்னச் சக்கர வண்டி அடுக்கு மாடிக் குடியிருப்புக்குள்ளேயும் மாலின் பளிங்குத் தரையிலும் நன்றாக ஓடும். மேடு பள்ளத்துக்கு முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று மூன்று பெரிய சக்கரம் உள்ளதே ஏற்றது. முன் சக்கரம் எந்தப் பக்கமும் திரும்பக் கூடியதாகவும், கரடான இடத்தில் நேராக நிறுத்திப் பூட்டி வைக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். காற்றடைத்த டயராக இருந்தால் உள்ளே இருக்கிற ஜீவனுக்கு அதிர்ச்சி குறைவு; மூட்டு வலியைச் சுமந்து கொண்டு பிரயாணம் செய்கிற கிழ நாய்க்கு இது பெரிய உபகாரம். பஞ்சராகுமே என்கிறீர்களா? ஆகும். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஒட்டித் தருவார். பஞ்சர் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு நுரை அடைத்த கெட்டி டயரும் வருகிறது. குலுக்கல் கொஞ்சம் ஜாஸ்தி.

பிறகு மணியை அளந்தோம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை ஒரு டேப். உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை ஒரு டேப். படுத்தால் காலை நீட்ட வேண்டும், உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கக் கூடாது, உள்ளேயே ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும். எடை பார்க்க ஓர் உபாயம் உண்டு. நாயைத் தூக்கிக் கொண்டு நீங்கள் எடை இயந்திரத்தின் மேல் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். கழித்துக் கொள்ளுங்கள். (என் எடையை இங்கே வெளியிடுவதாக இல்லை.) 16 கிலோ நாய்க்கு 16 கிலோ தாங்கும் வண்டி போதாது. அது உள்ளே எழுந்து ஒரு பக்கமாகச் சாயும், குதிக்கும். குறைந்தது 20, 25 கிலோ தாங்குவதாகப் பாருங்கள். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு 30 கிலோவுக்கு மேலே தாங்கக் கூடிய உறுதியான வண்டி தேவைப்படும். அவ்வளவு பெரிய நாயைத் தூக்கி உள்ளே வைப்பது நடவாத காரியம். ஆகையால் பின்பக்கம் தாழ்வாகக் கதவு வைத்த வண்டியாக வாங்கி, ஒரு பலகையைச் சாய்த்து ஏற்ற வேண்டும்.

தளம் உறுதியாக இருக்கிறதா என்று கையை வைத்து அழுத்திப் பாருங்கள். தூளி மாதிரி தொய்ந்தால் வேண்டாம். நீள முதுகும் குட்டைக் காலுமாக இருக்கிற டாஷ்ஹண்ட் நாய்களுக்கு முதுகுத் தண்டின் வட்டு பிதுங்குவது சகஜமான வியாதி. தொய்ந்த தளம் அவற்றுக்குக் கூடவே கூடாது. மேலே போடும் மெத்தை உறையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். கிழ நாய் என்றால் இது அவசியம் என்று நான் விளக்க வேண்டாம். வயதானவர்களைப் பராமரித்த பெண்மணிகளுக்குத் தெரியும்.

உள்ளே ஒரு சின்னப் பட்டையும் கொக்கியும் இருக்கும். நாய் குதித்து விடாமல் மாட்டுவதற்கு. இதைக் கழுத்துப் பட்டையில் மாட்டவே மாட்டாதீர்கள். நாய் விளிம்பைத் தாண்டிக் குதித்தால் தூக்குக் கயிறாகி விடும். மார்பைச் சுற்றிக் கட்டுகிற வாரில்தான் மாட்ட வேண்டும். பிரேக்கைக் கடையிலேயே சரிவில் நிறுத்திப் பாருங்கள். தள்ளுகிற கைப்பிடி உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறதா என்றும் பாருங்கள். டீச்சரம்மா ஐந்தடி உயரம்கூட இல்லை. ஒரு வண்டியின் கைப்பிடி அவருடைய மோவாய்க்கு நேரே வந்தது! "இதைத் தள்ளிண்டு போனா என்னையும் சேர்த்து யாரோ தள்ளற மாதிரி இருக்கும்" என்று ஒதுக்கி விட்டார். ஏற்றி இறக்கக் கூடிய கைப்பிடி உள்ளதே உத்தமம். வீட்டுக் கதவு, கேட்டு, லிப்ட் இவற்றின் அகலத்தையும் குறித்துக் கொண்டு போங்கள். வண்டி வந்த பிறகு கேட்டை இடிக்க முடியாது.

மடிக்கிற வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை வண்டியைக் குடை மாதிரி மடக்கலாம் என்று காட்டியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த எஞ்சினீயர் அவர். பேரக் குழந்தையின் வண்டி கனமாக இருப்பதைப் பார்த்து, 1965-இல் அலுமினியக் குழாய்களால் சுமார் மூன்று கிலோ எடையில் ஒன்று செய்தார். ஆனால் பெரிய சக்கர நாய் வண்டிகள் அத்தனை லேசு அல்ல. பத்துக் கிலோவுக்கு மேலே உள்ளவையும் உண்டு. லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாயையும் சுமந்து, வண்டியையும் சுமந்து நாலு நாள் இறங்கினால், ஐந்தாம் நாள் வண்டி பரணுக்குப் போய்விடும். அவர்கள் கீழேயே, படிக்கட்டுக்கு அடியில் வண்டியைச் சங்கிலி போட்டு வைக்க அண்டை வீட்டாரிடம் சம்மதம் பெற்ற பிறகே வாங்குவது நல்லது.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியும் பிரயோசனமில்லை. காற்றின் வெப்பம் 31 டிகிரி செல்ஸியஸ் இருக்கும்போதே, வெயிலில் காய்கிற தார்ச் சாலை 60 டிகிரி வரைக்கும் போகக் கூடும். புறங்கையைத் தாரின் மேல் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் பொறுக்காது. 'அதுதான் வண்டி இருக்கிறதே, பாதம் சுடாதே!' என்பீர்கள். பாதம் சுடாது, ஆனால் துணிக் கூண்டு அடுப்பாகி விடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. நாயின் சாதாரண உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம். மூக்குச் சப்பையான பக் ஜாதிக்கு அபாயம் இன்னும் அதிகம். ஆகவே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வலை உள்ள வண்டியாக வாங்குங்கள். கறுப்புத் துணியும் பிளாஸ்டிக் ஜன்னலும் வேண்டாம். காலை ஏழு மணிக்குள் வீடு திரும்புங்கள், அல்லது அந்தி சாய்ந்த பிறகு புறப்படுங்கள். வண்டியின் அடிக்கூடையில் தண்ணீர்ப் பாட்டிலும் கிண்ணமும் எப்போதும் இருக்கட்டும்.

கிழ நாய்க்கு மட்டுமா வண்டி? அறுவைச் சிகிச்சை ஆன நாய்க்கு, இதய நோய் உள்ளதற்கு, எல்லாம் உபயோகம்தான். தடுப்பூசிகள் முடியாத குட்டிக்கும் பயன்படும். ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் ஊசி போடுகிறார்கள். அதுவரை குட்டியைத் தெரு மண்ணில் விடக் கூடாது. பார்வோ என்ற கொடிய வயிற்றுப் போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் அந்தப் பருவத்தில்தான் ஹாரன் சத்தம், பஸ், கூட்டம் எல்லாவற்றுக்கும் அது பழக வேண்டும். வண்டியில் வைத்து உலகத்தைக் காட்டலாம். திடகாத்திரமான இளம் நாயை உட்கார வைத்துத் தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நாய்க்கு வண்டி அல்ல, எஜமானருக்கு நகை. நடக்க முடிந்த பிராணி நடக்கட்டும்.

பூனை வளர்க்கும் சகோதரிகள் இதுவரை பொறுமையாகப் படித்து வந்ததற்கு நன்றி. பூனை விஷயம் முற்றிலும் வேறு. நாய்க்குத் தெரு சொர்க்கம். பூனைக்குத் தன் வீடு, தன் ஜன்னல், தன் பழைய புடவை, இதுவே சொர்க்கம். அதைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஊர்கோலம் கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் டாக்டரிடம் போவதற்கு வண்டி மிகவும் சௌகரியம். அதிலும் மேல்கூடையைத் தனியே கழற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொள்ளக் கூடிய மாதிரி இருந்தால் விசேஷம். பூனை நாலைந்து கிலோவுக்குள் அடங்குவதால் சிறிய வண்டியே போதும். ஆனால் வலை முழுவதும் மூட வேண்டும், ஜிப்பின் நுனியில் பூட்டுக் கொக்கி இருக்க வேண்டும். தலையை விட்டு முட்டி ஜிப்பைத் திறப்பதில் பூனைக்கு இணை கிடையாது. வண்டிக்குள்ளே ஒரு பக்கம் துணி போட்டு மறைவான மூலை ஒன்று செய்து கொடுங்கள். காது பின்னால் படிந்து, வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்தால் மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திருப்பி விடுங்கள்.

மணிக்குக் கடைசியில் வாங்கியது சாம்பல் நிறம். ஒரு குஞ்சலமும் கிடையாது. மூன்று பெரிய காற்றுச் சக்கரம், பின்னால் தாழ்வான கதவு, 30 கிலோ தாங்கும். முதல் வண்டியில் பட்ட சூட்டினால் மணி அதன் அருகிலேயே வரவில்லை. டீச்சரம்மா அவசரப்படவில்லை. கூடத்தின் நடுவிலே கதவைத் திறந்து போட்டு, பிரேக்கைப் போட்டு, உள்ளே தம் கணவரின் பழைய வேட்டியை விரித்து வைத்தார். மூன்று நாள் அது சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. நாலாம் நாள் உள்ளே ஒரு துண்டு ஆப்பத்தை வைத்தார். முன்னங்கால் இரண்டையும் மட்டும் வைத்து எட்டித் தின்றுவிட்டுத் திரும்பிக் கொண்டது. எட்டாம் நாள் மத்தியானம் நான் போனபோது, மணி வண்டிக்குள் வேட்டியின் மேல் சுருண்டு குறட்டை விட்டுக் கொண்டிருந்தது. பிறகு கூடத்துக்குள்ளேயே நாலடி தள்ளுவது, நிறுத்துவது. வாசல் வரை போவது, திரும்புவது. இதற்கு இன்னொரு வாரம். வாசலில் உள்ள மூன்று படிக்கு ஒரு தச்சரிடம் சொல்லிச் சாய்வுப் பலகை செய்து, வழுக்காமல் இருக்கச் சாக்கை ஆணி அடித்து ஒட்டினார்கள்.

முதல் நாள் புறப்பாட்டுக்கு நானும் கூடப் போனேன். ஐந்தரை மணிக்கு இன்னும் இருட்டு. தெருமுனையில் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, புது யாவாரமா? இன்னா காய் வச்சிருக்கே?"

வலைக்குப் பின்னாலிருந்து மணி மூக்கை நீட்டிற்று. "அட, நம்ம மணியா!" என்று அவள் கையிலிருந்த கீரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். டீக்கடை வாசலில் நின்ற இரண்டு இளைஞர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒருவர் படம்கூடப் பிடித்துக் கொண்டார். டீச்சரம்மா எட்டாங் கிளாஸ் பார்வை ஒன்று பார்த்தார். செல்போன் பைக்குள் போய்விட்டது.

அடுத்த திருப்பத்தில்தான் உண்மையான சோதனை. மணியின் பழைய விரோதிகள் மூவர் அங்கே வாசம். வண்டியைச் சூழ்ந்து கொண்டு குரைத்தார்கள். டீச்சரம்மா நிற்கவில்லை, ஓடவும் இல்லை. வலையை மூடிவிட்டு, ஒரே சீராகத் தள்ளிக் கொண்டு போனார். மணியோ ரதத்தில் ஏறிய மகாராஜாவைப் போல் உள்ளே இருந்தபடியே உறுமிற்று. இத்தனை வீரம் அதற்கு நாலு காலும் சரியாக இருந்த நாளில்கூட இருந்ததில்லை!

கடற்கரை மணலில் எந்தச் சக்கரமும் உருளாது. ஆகவே லூப் ரோட்டின் ஓரமாகவே போனோம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. காற்றில் மீன் வாசனை. மணி எழுந்து உட்கார்ந்தது. மூக்கு இப்படியும் அப்படியும் திரும்பியது. ஒரு வருஷத்துப் பத்திரிகைகளை ஒரே மூச்சில் படிக்கிறாற்போல இருந்தது அதைப் பார்க்க. டாக்டர் சொன்னதை டீச்சரம்மா மறக்கவில்லை. சமதரை பார்த்து வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்தார். ஒரு பழைய துண்டை மணியின் வயிற்றுக்கு அடியிலே கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டார். பின்னங்கால் தளர்ந்த நாயை நடத்துவதற்கு இது எளிய வழி. பணம் கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். மணி இறங்கி, விளக்குக் கம்பம் வரை இருபத்தோரடி நடந்தது. டீச்சரம்மா எண்ணிக் கொண்டே வந்தார். கம்பத்தடியில் தன் பழைய கடமையை நின்றபடியே முடித்துக் கொண்டது. பிறகு திரும்பி, வண்டியைப் பார்த்து நின்றது.

"போலாமா, ராஜா?" என்றார் டீச்சரம்மா.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் கடிகாரங்கள் மறுபடியும் சரியாக ஓடுகின்றன. சிரித்த அந்த டீக்கடையில் இப்போது தினமும் மணிக்கென்று ஒரு பொறை தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பல் பாதி கொட்டி விட்டதால், வெந்நீரில் நனைத்துத் தர வேண்டியிருக்கிறது.